முன்னால் பக்கெட், பின்னால் ஜனம்

பழைய டிராக்டரைச் சுற்றி வந்து பார்த்து "இதுக்கு லோடர் ஆகாது" என்று சொல்வதும் ஒரு தொழில் என்றால், அந்தத் தொழிலில் நல்ல பேர் எடுத்தவன் இதுவரை ஒருத்தனும் கிடையாது. "ஆகும்" என்கிறவனுக்கு மாலை, "ஆகாது" என்கிறவனுக்கு வசவு. கை கறுத்த மெக்கானிக்குகளே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். வெல்டர்களைத் தவிர மற்ற எல்லோரும் இதைப் படித்துவிட்டு, அவரவர் வயிற்றெரிச்சலையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒடுகத்தூரில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கிழக்கே என் ஷெட் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துக்கு லோடர் பைத்தியம் பிடித்தது. டிராக்டரின் மூக்குக்கு முன்னால் இரண்டு இரும்புக் கை, கையின் நுனியில் மண் அள்ளும் பக்கெட், இதுதான் லோடர். பத்து ஆள் கூடையில் சுமக்கிற மண்ணை ஒரே வாரில் அள்ளிவிடும். நல்ல சாமான்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த டிராக்டருக்கு மாட்டலாம், எதற்கு மாட்டக் கூடாது என்று ஒரு முறை இருக்கிறது. அந்த முறையை ஒரே ஒரு வண்டிக்காகச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்த கதை இது. அந்த வண்டியின் சீட்டில் உட்கார இருந்தவன் என் தங்கச்சி புருஷன் கண்ணப்பன். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.

மூக்கைப் பார்த்தவன்

மண் காண்ட்ராக்டர் கோவிந்தசாமிக்குப் புதூர்நாட்டு மலைச்சாலையில் வேலை கிடைத்திருந்தது. மழையில் சரிந்து கிடக்கும் மண்ணை அள்ளிக்கொண்டு போய், ஓடை அறுத்த இடத்தில் கொட்டி நிரப்ப வேண்டும். அதற்காகப் படவேட்டில் ஒரு பழைய டிராக்டரை வாங்கி, நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு என் ஷெட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஓட்டி வந்தவன் கண்ணப்பன். பழைய முதலாளி வண்டியை விற்றுவிட்டதில் நாலு மாசமாக வேலை இல்லாமல் இருந்தவன். சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"படவேட்டு சேத்துல தொட ஆழம் எறங்கி உழுத வண்டி மேஸ்திரி. கரும்பு லோடு இழுத்த வண்டி. பின் டயர பாரு, ஒன் ஒசரம் கீது" என்றார் கோவிந்தசாமி. நான் பின் டயரைப் பார்க்கவில்லை. முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். உழவிலும் இழுப்பிலும் பாரமெல்லாம் பின் சக்கரத்தில் இருக்கும். லோடர் மாட்டினால் அத்தனையும் முன்னால் வந்து விழும். அந்த வண்டியின் முன் சக்கரம் இரண்டும் ஒல்லி, அதைத் தாங்கும் ஆக்சிலும் ஒல்லி. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன். கிழவன் பல் மாதிரி ஆடியது. ஆக்சிலை நடுவில் பிடித்திருக்கும் இரும்பு முளை தேய்ந்து, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். கோவிந்தசாமி குனியவே இல்லை. இடுப்பில் கை வைத்து நின்றபடியே கண்ணப்பனிடம் சொன்னார்: "எரும வாங்க வந்தவன் மடிய பாக்காம மூக்க பாக்கறான் பாரு, ஒங்க மச்சான்!"

கிளச்சை மிதித்தால் தூக்கம்

காட்டினால் நம்பாதவருக்குச் செய்து காட்டலாம் என்று நினைத்தேன். பின்னால் கலப்பை மாட்டும் லிஃப்டில் ஒரு கருங்கல்லைச் சங்கிலியால் கட்டித் தூக்கச் சொன்னேன். தூக்கியது. பாதி உயரத்தில் "கிளச்ச மிதி" என்றேன். கண்ணப்பன் மிதித்தான். கல் அந்தரத்தில் நின்றுவிட்டது. கிளச்சை விட்டதும் மறுபடி ஏறியது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் ஹைட்ராலிக் பம்பு கிளச்சுக்குப் பின்னால் இருக்கும். கிளச்சை மிதித்தால் சக்கரத்தோடு பம்பும் நின்றுவிடும். உழவுக்கு அது ஒரு குறையே இல்லை. லோடர் அப்படியா? மண்ணில் குத்த வேண்டும், நிற்க வேண்டும், தூக்க வேண்டும், பின்வாங்க வேண்டும். நிமிஷத்துக்கு நாலு தடவை கிளச். அத்தனை தடவையும் பக்கெட் தூங்கினால் வேலை எங்கே நடக்கும்?

இதற்குள் எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வந்து நின்றுவிட்டார்கள். கோவிந்தசாமி தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நான் கையைத் துடைத்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்தது இதுதான்: "அவ்ளோதான? கிளச்ச மிதிக்காம ஓட்டுனா ஆச்சு. கண்ணப்பா, கேட்டுக்கினியா?"

நான் செய்த தப்பு

இந்த இடத்தில் என் மேலும் ஒரு தப்பு உண்டு. மறைக்க மாட்டேன். கோபத்தில், டீக்கடை ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு டிராக்டரின் முன்பக்கத்தில் ஏறி நிற்கச் சொன்னேன். "இவங்கதான் பக்கெட்டு, இவங்க எடதான் மண்ணு. இப்ப நீங்களே ஏறி ஸ்டீரிங்க திருப்புங்க காண்ட்ராக்டரே" என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர ஸ்டீரிங் அசையவில்லை. முன்னால் நின்றவர்கள் சிரித்ததில் ஒருவர் டீயைக் கொட்டிக்கொண்டார்.

நான் பாடம் சொல்லிக்கொடுத்ததாக நினைத்தேன். அவரோ வேறு பாடம் எடுத்துக்கொண்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இறங்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அந்த நாலு பேரையும் ஒரு தினுசாகப் பார்த்துச் சொன்னார்: "ஆளு எட இவ்ளோ பாரம் காட்டுதா மேஸ்திரி! பரவால்லியே."

எதிர்ப் பட்டறை

என் ஷெட்டுக்கு நேர் எதிரே, டீக்கடையை ஒட்டி, ஏழுமலையின் வெல்டிங் பட்டறை. அவனைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை இரவல் வாங்கிப் போய், கொக்கியை வளைத்துவிட்டு, "வாங்கும்போதே இப்டித்தான் இருந்திச்சு அண்ணா" என்று திருப்பிக் கொடுத்தவன். அவன் கண்ணில் படுகிற மாதிரி அந்தக் கொக்கியை ஷெட் வாசலில் தொங்கவிட்டிருந்தேன். ஷெட்டை மூடியபோதும் அதை மட்டும் பழைய இரும்புக்குப் போடவில்லை.

டிராக்டர் சாலையைக் கடந்து அவனிடம் போனது. மூன்றே நாளில் லோடர் கட்டிவிட்டான். வெல்டிங்கைக் குறை சொல்ல மாட்டேன், நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஆனால் அந்தக் கைகளைக் கொண்டுபோய் எங்கே பூட்டினான்? லாரிக்கு இருக்கிற மாதிரி டிராக்டருக்குத் தனியாகச் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் கிடையாது. இன்ஜின், கிளச் கூடு, கியர் பெட்டி எல்லாம் ஒன்றோடு ஒன்று போல்ட்டில் சேர்ந்துதான் உடம்பாக நிற்கிறது. எல்லாமே வார்ப்பு இரும்பு. லோடர் மாட்டுகிறவன் முன்னால் இருந்து பின் ஆக்சில் வரை இரண்டு பக்கமும் நீளமான இரும்புச் சட்டம் ஓட்டி, பாரத்தை உடம்பு முழுக்கப் பங்கு போட வேண்டும். ஏழுமலை சட்டமே வைக்கவில்லை. கிளச் கூட்டின் பக்கத்தில் துளை போட்டு நாலு போல்ட்டில் முடித்துவிட்டான்.

நான் அவன் பட்டறைப் படியை மிதிப்பதில்லை. சாலை நடுவில் நின்றே கத்தினேன். "டேய், வார்ப்புடா அது! அடி விழுந்தா வளையாது, பொளக்கும்!" பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. ஏழுமலை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னான்: "வார்ப்பும் இரும்புதான் அண்ணா. எங்க பட்டறைல இரும்புக்கு ஜாதி பாக்கறதில்ல!"

சாமி இறங்கியது

பூஜை போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், லோடர் கைகளுக்கு மாலை. பக்கெட்டுக்குள் பொரி, கடலை, வாழைப்பழத் தாம்பாளம் வைத்து, கண்ணப்பன் அதை ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினான். என்னையும் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஷெட் வாசலில் இருந்து பார்த்தேன். பூசாரி மணியடித்துக் கற்பூரம் காட்டுகிறார். யாரும் தொடாமலேயே பக்கெட் மெள்ள மெள்ள இறங்கிக்கொண்டிருக்கிறது. லோடர் கையைத் தூக்கும் சிலிண்டரில் எண்ணெய் கசிகிறது, பாரத்தை நிறுத்தி வைக்க அதற்குத் தெம்பு இல்லை. தலைக்கு மேல் கற்பூரம் காட்ட ஆரம்பித்த பூசாரி, முடிக்கும்போது முழங்காலுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா "சாமி எறங்குது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஏழுமலை அசரவே இல்லை. பொரியை அள்ளி எல்லோருக்கும் கொடுத்தபடி விளக்கம் சொன்னான்: "எறக்கறதுக்குன்னு தனியா லீவர் புடிக்க தேவல்ல பாருங்க. நம்ம வண்டில அதுவே எறங்கிக்கும்."

தங்கச்சி கேட்ட கேள்வி

அன்று சாயங்காலமே கண்ணப்பனைத் தனியாகக் கூப்பிட்டேன். "இந்த வண்டில ஏறாத மாப்ள. மலை எறக்கத்துல மூக்கு குத்தும். டிராக்டருக்கு பிரேக்கு பின் சக்கரத்துல மட்டும்தான். அது மண்ண விட்டுச்சின்னா நீ பிரேக்கு மேல ஏறி நின்னாலும் வண்டி நிக்காது" என்றேன். தலையை ஆட்டினான். மறுநாள் காலை என் தங்கச்சி பச்சையம்மா ஷெட்டுக்கு வந்தாள். கோவிந்தசாமியோடு சண்டைக்குப் போகத் துணை கூப்பிட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சண்டை என்னோடுதான். நாலு மாசம் வீட்டில் குந்தியிருந்த மனுஷனுக்கு இப்போதுதான் ஒரு சீட் கிடைத்தது, அதையும் அண்ணன் வாயால் கெடுப்பதா? "ஒரு வண்டியாச்சும் நல்லா கீதுன்னு ஒன் வாயில வந்திருக்குதாணா?" என்று கேட்டாள். வந்திருக்கிறது. பருமனான முன் ஆக்சிலும் கிளச்சுக்குக் கட்டுப்படாத பம்பும் இருந்த இரண்டு வண்டிகளுக்கு நானே ஆகும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

அவள் கண் கலங்கியதும் நான் ஒரு படி இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது. பின்னால் கலப்பை மாட்டும் இடத்தில், ஒரு டிரம்மில் சிமெண்ட்டும் ஜல்லியும் நிரப்பித் தொங்கவிட்டால் முன்பாரத்துக்கு ஓரளவு ஈடு கொடுக்கும், அது இல்லாமல் மலை ஏறவே கூடாது என்று கண்ணப்பனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவன் போய்க் கோவிந்தசாமியிடம் சொல்லிவிட்டு வந்தான். அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தான்: "சிமெண்ட்டு எதுக்குடா? ஆள ஏத்தி பாரம் காட்டுனதே ஒங்க மச்சான்தான். மலைல ஜனம் தெனம் நடந்து போவுது. நாலு பேர பின்னாடி ஏத்திக்க, புண்ணியமும் ஆச்சு, பாரமும் ஆச்சு."

உப்பு மூட்டை

மூன்றாவது வாரம், புதூர்நாட்டில் ஒருவருடைய ஆயில் இன்ஜின் மக்கர் பண்ணுகிறது என்று ஆள் வந்தது. திருப்பத்தூர் போய், சந்தை முடிந்து திரும்பும் ஜனத்தோடு ஜீப்பில் நசுங்கி மலை ஏறினேன். ஓடை சாலையை அறுத்திருந்ததால் ஜீப் மேட்டிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து இறக்கத்தில் நடக்க வேண்டும். மேட்டில் சரிந்து கிடந்த மண்ணைக் கண்ணப்பன் அள்ளிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் 'பார்த்தாயா, ஓடுகிறது' என்கிற மாதிரி சிரித்தான். பக்கெட் தானாக இறங்கும் வண்டி அல்லவா, அதனால் நிறைத்த மண்ணோடு அதை முதலிலேயே தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். உயரத் தூக்கினால் மூக்கு இன்னும் சீக்கிரம் குத்தும். "எறக்கு மாப்ள" என்று நான் சொல்வதற்குள், சந்தை ஜனம் பஸ்ஸில் ஏறுகிற மாதிரி பழக்கமாகப் பின்னால் கட்டியிருந்த பலகையில் ஏறிவிட்டது. ஐந்து பேர். கருவாட்டுக் கூடை, உப்பு மூட்டை, புது மண்வெட்டி எல்லாம் சேர்த்து. வண்டி இறங்கியது.

பின் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நான் பின்னாலேயே நடந்தேன். முதல் வளைவில் தங்கள் ஊர் வந்ததென்று இரண்டு பேர் குதித்தார்கள். டயரின் பிதுக்கம் குறைந்தது. அடுத்த ஒற்றையடிப் பாதையில் கருவாட்டுக்கார அம்மா கூடையோடு இறங்கினாள். டயர் ஒரு கல்லில் ஏறி, இறங்க மறந்த மாதிரி ஒரு நொடி அந்தரத்தில் நின்று பிறகு விழுந்தது. மிச்சம் இரண்டு பேர். நான் ஓட ஆரம்பித்தேன். "எறங்காதீங்க! யாரும் எறங்காதீங்க!" அதில் ஒருவர் உப்பு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார்: "எங்க வூடு இங்கதாங்க கீது. எறங்காம எங்க போவேன்?"

என் எடை

அவர் இறங்கினார். மூட்டையும் இறங்கியது. பின் சக்கரம் இரண்டும் மண்ணை விட்டன. ஒரு சாண் இருக்கும். வண்டி மூக்கால் வழுக்க ஆரம்பித்தது. கீழே கூப்பிடு தூரத்தில் ஓடை அறுத்த பள்ளம், அதன் கரையில் குடையோடு கோவிந்தசாமி. கண்ணப்பன் பிரேக்கின் மேல் ஏறி நிற்கிறான். பிரேக்கும் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்பாரத்தில் ஸ்டீரிங் கல்லாகிவிட்டது, இரண்டு கையும் அதிலேயே. பக்கெட்டை இறக்கும் லீவரைத் தள்ள அவனுக்கு மூன்றாவது கை இல்லை. நான் எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்கே தெரியாது. மிச்சமிருந்த மண்வெட்டிக்காரரின் பக்கத்தில் தொப்பென்று போய் விழுந்தேன். டயர் மண்ணைத் தொட்டது, மறுபடி விட்டது, மறுபடி தொட்டது. அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி லீவரை அடித்தேன். பக்கெட் விழுந்து சாலையைக் குத்தியது. வண்டி உதறி நின்றது. அதன் வயிற்றில் 'டக்' என்று ஒரு சத்தம். பக்கெட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம். அவ்வளவுதான் மிச்சம்.

கண்ணப்பன் ஸ்டீரிங்கை விடாமல் சீட்டிலேயே இருந்தான். "மச்சான், மச்சான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். நான் குனிந்து கிளச் கூட்டைப் பார்த்தேன். ஏழுமலை போட்ட ஒரு துளையில் இருந்து அடுத்த துளைக்குக் கோடு போட்ட மாதிரி விரிசல். நான் சொன்ன இடம், நான் சொன்ன மாதிரி. கோவிந்தசாமி மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். இப்போதாவது வாயில் ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். குடையை மடக்கி, என்னை உச்சி முதல் கால் வரை அளந்துவிட்டுச் சொன்னார்: "நீ ஏறனதும் வண்டி நின்னுச்சே மேஸ்திரி! இத அன்னிக்கே சொல்லியிருந்தா ஒன்னயே தெனக்கூலிக்கு பின்னாடி ஒக்கார வச்சிருப்பேனே!"

சாவி

டிராக்டரை லாரியில் ஏற்றித்தான் கீழே கொண்டுவந்தார்கள். கண்ணப்பன் அதன் பக்கம் மறுபடி போகவில்லை. படவேட்டில் கரும்பு இழுக்கும் ஒரு வண்டிக்கு டிரைவராகச் சேர்ந்துவிட்டான். ஏழுமலை அந்த விரிசலுக்கும் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். டீக்கடையில் கதை வேறு மாதிரி ஓடியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை மேஸ்திரி தன் உடம்போடு போய் ஏறி உடைத்துவிட்டாராம். முன்னால் ஏறி நின்று டீயைக் கொட்டிக்கொண்ட ஆளே எனக்கு இதைச் சொன்னான்.

பச்சையம்மா ஒரு மத்தியானம் தூக்கில் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை தூக்கின் மூடியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள், வாய் வரவில்லை என்று நினைத்து, "பரவால்ல விடு" என்று நானே ஆரம்பித்தேன். அவள் தூக்கை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு எழுந்து சொன்னாள்: "இவ்ளோ தெரிஞ்ச மனுசன், அன்னிக்கு ஏறாதன்னு வாயால சொல்லிக்கினு இருந்த நேரத்துக்கு, சாவிய புடுங்கி வச்சிக்கினா இன்னாணா?"

கோவிந்தசாமி கேட்கவில்லை, ஏழுமலை கேட்கவில்லை, கூடப் பிறந்தவளும் கேட்கவில்லை. என் பேச்சை மதித்து, நான் சொன்ன இடத்திலேயே சொன்னபடியே உடைந்து கொடுத்தது அந்த டிராக்டர் ஒன்றுதான்.